ஐந்து கோல் முன்னிலை

மலிட்டா அன்றைக்கும் பயிற்சிக்கு வரவில்லை.

லிஜெரினா அதைக் கண்டும் காணாததுபோல இருந்தாள். மற்றவர்கள் அப்படி விட்டுவிடுவார்களா? தேவாலயத்துக்குப் பின்னால், அடுப்புச் சாம்பலால் கோடு போட்ட வலைப்பந்துத் தரையில், முழங்கால்வரை சேறு அப்பிக்கொண்டு எட்டுப் பெண்கள் நின்றார்கள். இரண்டு பக்கமும் மூங்கில் கம்பம், அதன் உச்சியில் வாளிக் கைப்பிடியை வளைத்துச் செய்த இரும்பு வளையம். மழை பெய்தால் கோடு கரைந்துபோகும். மறுநாள் யார் வீட்டிலிருந்தாவது சாம்பல் அள்ளி வர வேண்டும். அந்த ஜனவரியில் சாம்பலுக்கும் பஞ்சம். அடுப்பு எரிந்தால்தானே சாம்பல்?

"உங்க தங்கச்சி எங்க கோச்சக்கா? முதலைக்குப் பந்து புடிக்கச் சொல்லிக் குடுக்கப் போயிருக்காளா?" என்று கேட்டாள் எனிஃபா.

எல்லாரும் சிரித்தார்கள். எனிஃபாதான் அணிக்குக் கோல் போடுகிறவள். பனை உயரம், நாலு பிள்ளை பெற்ற உடம்பு, வாயைத் திறந்தால் மூடத் தெரியாது. ஆனால் வளையத்துக்கு அடியில் நின்று கையைத் தூக்கினால் பத்துக்கு எட்டுப் பந்து உள்ளே விழும்.

"சதுப்புக்குப் போயிருக்கா. பிள்ளைக்குக் கிழங்கு வேணும்" என்றாள் லிஜெரினா.

"எங்க பிள்ளைங்கள்லாம் காத்தக் குடிச்சுட்டா வளருதுங்க? நானும் விடியக்காலையில போய் இடுப்பளவு தண்ணியில நின்னு அல்லிக்கிழங்கு தோண்டிட்டுத்தான் வந்து நிக்கேன். அட்டை கடிச்ச தடம் வேணும்னா காட்டட்டா?"

"காட்டாத தாயி. இருக்கிற கண்ணும் போயிரும்" என்றாள் ஃபலேசி. இவள் தடுப்பு ஆடுகிறவள். குட்டையாக இருந்தாலும் எதிராளியோடு ஒட்டிக்கொண்டால் பிரிக்க முடியாது.

லிஜெரினா ஊதலை வாயில் வைத்தாள். அவளுக்கென்று ஒரு வழி உண்டு. ஜெயிக்க வேண்டும் என்று ஒருநாளும் சொல்ல மாட்டாள். ஜெயிப்பது பாதி எதிராளி கையில் இருக்கிறது, அதை நினைத்து நமக்கு எதற்குத் தலைவலி என்பாள். அவரவர் கைக்கு எட்டுகிற ஒரே ஒரு காரியத்தை அவரவருக்குக் கொடுப்பாள். "டைலேசி, இன்னைக்கு ஒரு தரம்கூட நீ பின்பக்கமா பந்து போடக் கூடாது. அவ்வளவுதான். ஃபலேசி, ஒன் ஆளு பந்தைப் பிடிச்சாப் பிடிச்சுட்டுப் போறா. ஆனா நிமிந்து பிடிக்கக் கூடாது. குனிஞ்சுதான் பிடிக்கணும்." இப்படித்தான் அவள் பேச்சு இருக்கும். முதலில் இதைக் கேட்டுச் சிரித்தவர்கள் இந்தப் பெண்களேதான். சிகாலே அணி என்றால் சுற்றுவட்டாரத்தில் கேலிப் பொருளாக இருந்த காலம் அது. குனிந்து பிடிக்க வைத்தே இரண்டு வருடத்தில் அவர்களை இறுதி ஆட்டத்துக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

இறுதி ஆட்டம் சந்தை ஊரில். சோள வியாபாரி சாண்டே தேர்தலில் நிற்கப் போகிறார். அதனால் கை தாராளமாக இருந்தது. ஜெயித்தவர்களுக்குப் பன்னிரண்டு மூட்டை மக்காச்சோளம், தோற்றவர்களுக்கு ஒரு மூட்டை. பன்னிரண்டு மூட்டை கிடைத்தால் பச்சைக் கதிர் முற்றும்வரை எட்டு வீட்டில் அடுப்பு எரியும். ஒரு மூட்டையில் ஒரு வாரத்தைத் தள்ளலாம், அதுவும் கஞ்சியாகக் காய்ச்சினால்.

அந்த எட்டு வீட்டுக் கணக்கில் லிஜெரினாவின் வீடு இல்லை. சென்ற வருடம் ஒரு போட்டியில் ஆடு பரிசாகக் கிடைத்தபோது, பயிற்சிப் பக்கம் தலை வைத்துப் படுக்காதவர்களெல்லாம் சட்டியோடு வந்து நின்றார்கள். அணியில் எங்கள் பெயர் இருக்கிறது என்றார்கள். லிஜெரினாவுக்குக் கோபம் வந்துவிட்டது. எல்லார் முன்னாலும் சொன்னாள்: "இனிமே ஆட்டத்தன்னைக்கு யாரு கோட்டுக்குள்ள காலு வைக்காளோ, அவளுக்குத்தான் பங்கு. வெளிய நின்னவளுக்குக் கிடையாது." அப்போது எனிஃபா விடாமல் கேட்டாள், "அப்ப நீங்க?" லிஜெரினா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "நான் கோட்டுக்கு வெளிய நிக்கிறவ. எனக்குப் பங்கு வேண்டாம்" என்றாள். அன்றைக்கு அவள் வீட்டுக் குதிர் நிறைந்திருந்தது. வயிறு நிறைந்தவளுக்குச் சட்டம் போடுவது எவ்வளவு எளிது!

அதன்பிறகு ஆற்று வெள்ளம் இரண்டு முறை ஊருக்குள் வந்துபோனது. சுவரோடு பெயர்ந்து குதிரும் போயிற்று.

சட்டத்தை மாற்றிவிடலாம்தான். ஆனால் போன மாதம் ஃபலேசியின் மாமியார் இறந்துபோனாள். அன்றைக்கு ஆட்டம். ஃபலேசி வரவில்லை. பரிசாக வந்த ஆட்டுக்கறியில் ஒரு எலும்புத் துண்டுகூட அவள் வீட்டுக்குப் போகவில்லை. ஃபலேசி அதைக் கேட்டுச் சண்டைக்கு வரவில்லை. மறுநாள் பயிற்சிக்கு வந்து நின்றாள். இப்போது தங்கைக்காகச் சட்டத்தை மாற்றினால் ஃபலேசியின் முகத்தில் எப்படி விழிப்பது?

வீட்டுக்குப் போனபோது மலிட்டா அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தாள். இடுப்புக்குக் கீழே ஒரே சேறு. அலுமினியச் சட்டியில் அடி மறையும் அளவுக்குக் கிழங்கு, கறுப்பாக, கோலிக்குண்டு பருமனில்.

"இவ்வளவுதானா?"

"கரையோரத்துல எல்லாம் தோண்டியாச்சுக்கா. இன்னும் உள்ள போனாத்தான் உண்டு. உள்ள நாணல் அசைஞ்சது. கூட வந்தவளுக ஓடிட்டாளுக. நானும் வந்துட்டேன்."

நாணல் அசைந்தால் முதலை என்று இரண்டு பேருக்கும் தெரியும். போன மழைக்காலத்தில் அடுத்த தெருக்காரி ஒருத்தி முழங்கைக்குக் கீழே இல்லாமல் திரும்பி வந்தாள். அவளைப் பார்க்கப் போனபோது ஊர் சொன்னது, உயிர் மிஞ்சியதே என்று.

மலிட்டாவின் பிள்ளை லாசரோ பாயில் படுத்திருந்தான். மூன்று வயது. பாதம் இரண்டும் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. விழுந்த குழி எழும்ப நேரமாயிற்று. தலைமுடி செம்பட்டையாகி, தொட்டால் கையோடு வந்தது. இரண்டு வாரத்துக்கு முன்புவரை பசிக்குது பசிக்குது என்று அழுதுகொண்டிருந்தான். இப்போது அழுவதில்லை. அந்த அழாத முகத்தைப் பார்க்கத்தான் லிஜெரினாவுக்குப் பயமாக இருந்தது. சுகாதார நிலையத்தில் கையில் அளவுப் பட்டை சுற்றிப் பார்த்து, சிவப்பில் நிற்கிறது, ஆபத்து என்று சொன்னார்கள். மெலிந்த பிள்ளைகளுக்குக் கொடுக்கும் நிலக்கடலைப் பசைப் பாக்கெட் தீர்ந்துவிட்டது, பாலம் உடைந்து லாரி அக்கரையில் நிற்கிறது, அதுவரை சத்தாக ஏதாவது கொடுங்கள் என்றாள் நர்ஸ். சொல்லும்போது அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவளைக் குற்றம் சொல்லி என்ன செய்ய?

லாசரோவின் அப்பன் தென்னாப்பிரிக்காவுக்குப் போனவன். போய்ச் சேர்ந்ததாக ஒரு தகவல் வந்தது. அதற்குப் பிறகு எதுவும் இல்லை.

மலிட்டா கிழங்கின் தோலைக் கத்தியால் சுரண்டிக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டாள்: "அக்கா, காலு வச்சாப் போதும்ல?"

லிஜெரினாவுக்குப் புரிந்தது. புரியாததுபோலக் கேட்டாள், "எங்க?"

"கோட்டுக்குள்ள. என் பேரு இன்னும் அணியில இருக்குல்ல. ஒரு பகுதி. ஆட்டத்துல இருக்கிற நாலு பகுதியில ஒரே ஒரு பகுதி என்னை உள்ள விடு. எனிஃபாவுக்கு முன்னாடி வளையத்துக்கு அடியில நின்னவ நான்தான?"

"அது அப்ப. இப்ப நீ இருக்கிற இருப்புக்குப் பந்து மேல பட்டாலே விழுந்துருவ."

"விழுந்தாலும் கோட்டுக்குள்ளதான விழுவேன்?"

"வாயை மூடு."

"மூடிட்டேன். நானும் மூடிட்டேன், அவனும் மூடிட்டான். வீட்டுல சத்தமே இல்ல, கேட்டியா?"

லிஜெரினா எழுந்து வெளியே வந்துவிட்டாள். வெளியே மழைக்கு முந்தின புழுக்கம். கொசு காதருகே பாடியது. ஒன்பது பேர் அணியில், உள்ளே நிற்பது ஏழு பேர். வெளியே இரண்டு பேர்: மலிட்டா, இன்னொருத்தி ரோடா. ஆட்டத்துக்கு ஒருத்தியைத்தான் மாற்றலாம். ரோடா ஒரு நாள் தவறாமல் பயிற்சிக்கு வருகிறவள். காய்ச்சலோடுகூட வந்து ஓடினாள். யாரையாவது மாற்றுவதென்றால் நியாயமாக ரோடாவைத்தான் உள்ளே விட வேண்டும். எட்டாவது வீடு அவள் வீடு என்றுதான் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். லிஜெரினாவுக்கு அது தெரியாதா? தெரியும். தெரிந்தேதான் அவள் கணக்குப் போட்டாள்.

மலிட்டாவால் ஓட முடியாது. வளையத்தடியில் நிற்க மட்டும் முடியும். அப்படியானால் எனிஃபாவைத்தான் வெளியே எடுக்க வேண்டும். எனிஃபா இல்லாமல் ஒரு பகுதி ஆட வேண்டுமானால் முதலிலேயே நல்ல முன்னிலை வேண்டும். எத்தனை? மூன்று போதாது. ஐந்து இருந்தால் தாங்கும்.

மறுநாள் பயிற்சியில் அவள் புதிதாக ஒன்று சொன்னாள்.

"இந்த ஆட்டத்துக்குத் தனித்தனியா ஒண்ணும் கிடையாது. எல்லாருக்கும் சேத்து ஒண்ணே ஒண்ணு. மூணாவது பகுதி முடியறப்ப நாம அஞ்சு கோல் முன்னாடி இருக்கணும்."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்ப நாலாவது பகுதி?" என்றாள் டைலேசி. இவளும் கோல் போடுகிறவள்தான், எனிஃபாவுக்குத் துணை. கேள்வி கேட்டுவிட்டுத் தானே வெட்கப்படுகிற சுபாவம்.

"அதை அப்பப் பாத்துக்கலாம்."

எனிஃபா இடுப்பில் கை வைத்தாள். "எனக்கு ஒண்ணு வெளங்கல கோச்சக்கா. கோல் கணக்கு நம்ம கையில இல்ல, அதைப் பேசாதீங்கன்னு எங்க மண்டையில குட்டிக் குட்டிச் சொன்னது யாரு? இப்ப என்ன திடீர்னு அஞ்சு? அது ஏன் மூணாவது பகுதி?"

"தொம்பே அணிக்காரிக பின்பகுதியில ஏறி வர்றவளுக. அதுக்குள்ள அஞ்சு முன்னாடி போயிட்டா அவளுக மனசு விட்டுப் போயிரும்."

சொல்லும்போது அவள் குரல் பிசிறில்லாமல் வந்தது. பொய் சொல்கிறபோது மட்டும் மனுஷர்களுக்கு இப்படி ஒரு தெளிவு எங்கிருந்துதான் வருமோ.

"சரி. அஞ்சுன்னா அஞ்சு" என்றாள் எனிஃபா. வாய்தான் நீளமே தவிர, நம்பிவிட்டால் முழுசாக நம்புகிறவள் அவள். அன்றிலிருந்து மற்றவர்களை அவளே விரட்டினாள். "ஏட்டி, நடக்கிறதுக்கு வந்தியா, ஓடுறதுக்கு வந்தியா? அஞ்சு! அஞ்சு!" என்று சேற்றில் ஓட வைத்தாள். லிஜெரினா அந்தப் பக்கம் பார்க்காமல் கோட்டுச் சாம்பலைக் காலால் ஒதுக்கிச் சரிசெய்தாள். ரோடா எல்லாருக்கும் முன்னால் ஓடிக்கொண்டிருந்தாள்.

ஆட்டத்தன்று காலையில் ஆளுக்கு ஒரு பிடி மாவு கொண்டுவந்து எனிஃபா வீட்டு முற்றத்தில் ஒரே பானையில் கஞ்சி காய்ச்சினார்கள். பிடி என்றால் சிலருக்கு மூன்று விரல் கிள்ளு. ஒருத்தி தவிடுதான் கொண்டுவந்தாள். யாரும் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. லிஜெரினா பசியில்லை என்று சொல்லித் தள்ளி உட்கார்ந்தாள். மலிட்டா லாசரோவை முதுகில் துணியால் கட்டிக்கொண்டு வந்தாள். அவளுக்கு ஊற்றிய கஞ்சி முழுதும் லாசரோவுக்குப் போனது. அதையும் எல்லாரும் பார்த்தார்கள்.

சந்தை ஊர் மைதானம் ஜே ஜே என்றிருந்தது. சாண்டேயின் லாரி ஓரத்தில் நின்றது. மேலே மூட்டைகள் தெரிகிற மாதிரி தார்ப்பாயை வேண்டுமென்றே விலக்கி வைத்திருந்தார்கள். அவருடைய ஆட்கள் ஒலிபெருக்கியில் விதி சொன்னார்கள்: ஆளை மாற்றுவதென்றால் ஒருத்தியை மட்டும், அதுவும் இடைவேளையில்தான். நடுவில் யார் விழுந்தாலும் மிச்சப் பேரோடு ஆட வேண்டும். இந்த ஊர்ப் போட்டிகளில், காயம் என்று பொய் சொல்லி ஆள் மாற்றும் தந்திரம் நிறைய நடந்திருந்ததால் அந்தக் கண்டிப்பு.

முதல் பகுதி சமமாக முடிந்தது. தொம்பே பெண்கள் சதை பிடித்து இருந்தார்கள். அவர்கள் ஊர் மேட்டில். ஆறு அங்கே ஏறுவதில்லை. இரண்டாவது பகுதியில் ஃபலேசி தன் ஆளை அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டாள்; சிகாலே இரண்டு கோல் முன்னால் போனது. மூன்றாவது பகுதியில் நடந்ததை ஆட்டம் என்று சொல்வதா, வேறு என்னவென்று சொல்வதா தெரியவில்லை. ஏழு பெண்களும் உடம்பில் இருந்ததையெல்லாம் கறந்து கொட்டினார்கள். பந்து தரையில் படவே இல்லை. எனிஃபா ஒவ்வொரு கோல் விழும்போதும் விரலைத் தூக்கிக் காட்டினாள். மூன்று. நான்கு. ஊதல் ஊதுவதற்குக் கொஞ்சம் முன்னால் டைலேசி எறிந்த பந்தை எனிஃபா ஒற்றைக் கையில் பிடித்து வளையத்துக்குள் போட்டாள். ஐந்து.

எல்லாரும் வந்து தொப்பென்று புல்லில் விழுந்தார்கள். டைலேசிக்கு ஓங்கரிப்பு வந்து, குடித்த தண்ணீரை அப்படியே கக்கினாள். எனிஃபாவின் கடைவாயில் நுரை கட்டியிருந்தது. ஆனாலும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள்.

"அஞ்சு, கோச்சக்கா! கேட்டதக் குடுத்தாச்சு. எண்ணிக்கோங்க!"

ரோடா எழுந்து நின்று கையை உதறிக்கொண்டாள். யாரை மாற்றப் போகிறார்களோ, தான் தயார் என்பதுபோல.

லிஜெரினா அவள் பக்கம் பார்க்காமல் சொன்னாள்: "எனிஃபா, நீ உக்காரு. மலிட்டா, எழுத்துப் பட்டையை மாட்டு."

எனிஃபாவின் சிரிப்பு முகத்திலேயே நின்றது. அவள் லிஜெரினாவைப் பார்த்தாள். பிறகு மலிட்டாவைப் பார்த்தாள். மலிட்டாவின் மடியில் கிடந்த பிள்ளையைப் பார்த்தாள்.

"ஓ" என்றாள். "அஞ்சு இதுக்குத்தானா?"

ரோடா மெல்ல உட்கார்ந்தாள்.

எனிஃபா எழுந்தாள். கத்தப் போகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ஆடும் இடத்தைக் குறிக்கும் எழுத்துப் போட்ட தன் மார்புப் பட்டையைக் கழற்றி மலிட்டாவின் தலைவழியாக மாட்டி, பக்கக் கயிற்றை இழுத்து முடிந்தாள். கயிறு இரண்டு சுற்று வந்தது. "அசையாத. கையைத் தூக்கிட்டு நில்லு. பந்து வந்தா டைலேசிகிட்ட குடுத்துரு. வேற ஒண்ணும் செஞ்சு கிழிக்க வேண்டாம்" என்றாள். லாசரோவை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"நிக்கிறது மட்டும்தான் ஒன் வேலை, மலிட்டா" என்றாள் லிஜெரினாவும். "நின்னாப் போதும்."

வழக்கமாக இடைவேளையில் ஆளுக்கொரு காரியம் கொடுத்து அனுப்புவாள். அன்றைக்கு மலிட்டாவுக்கு மட்டும் கொடுத்தாள். மற்ற ஆறு பேரும் வெறுங்கையோடு உள்ளே போனார்கள். ஊதல் ஊதிய பிறகுதான் அவளுக்கு அது உறைத்தது.

ஐந்தைத் தொடு என்றாள், தொட்டுவிட்டார்கள். தொட்ட பிறகு எதைத் தொடுவது? கால்கள் தாமாகவே நடையாயின. தொம்பேக்காரிகளின் மனசு விட்டும் போகவில்லை, ஒன்றும் ஆகவில்லை. அவர்கள் இப்போதுதான் சூடு பிடித்தார்கள். ஐந்து நான்காயிற்று. நான்கு மூன்றாயிற்று. ஃபலேசியின் ஆள் முதல்முறையாக நிமிர்ந்து பந்தைப் பிடித்தாள்.

"ஃபலேசி! குனிய வை! குனிய வை!" என்று எனிஃபா வெளியே இருந்து கத்தினாள். கத்துகிற வாயோடு, லாசரோவின் பாதத்தைக் கையால் தடவிக்கொண்டிருந்தாள். விரல் பட்ட இடத்தில் குழி விழுந்ததை அவள் பார்த்தாள். ஒரு நிமிடம் ஆட்டத்தையே மறந்து அந்தக் குழியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

லிஜெரினா கோட்டோரமாக அங்கும் இங்கும் நடந்தாள். ஏதாவது சொல்லேன், என்னவாவது சொல்லேன் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். இரண்டு வருடமாக ஓயாமல் சொன்னவளுக்கு அப்போது ஒரு சொல் கிடைக்கவில்லை.

மூன்று இரண்டாயிற்று. டைலேசி பந்தோடு திரும்பினாள், அவளை மறித்து இரண்டு பேர். வேறு வழியில்லாமல் வளையத்தடிக்கு எறிந்தாள். மலிட்டா பிடித்தாள். பிடித்ததே அதிசயம். பிடித்தவள் டைலேசியைத் தேடவில்லை. பழைய பழக்கம் கையில் எங்கேயோ மிச்சமிருந்தது. கண்ணை மேலே தூக்கி, மணிக்கட்டை ஒரு சொடுக்குச் சொடுக்கினாள். பந்து வளையத்தைத் தொடாமல் உள்ளே இறங்கியது.

மைதானமே எழுந்து நின்றது. "பாத்தீங்களாடி!" என்று எனிஃபா லாசரோவைத் தூக்கிப் பிடித்தாள். "ஒங்கம்மாவைப் பாத்தியாடா!" லிஜெரினாவின் கண்ணில் நீர் முட்டியது. தப்பித்தோம் ஆண்டவரே என்று நினைத்தாள். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தாள்.

மூன்று இரண்டாகி, இரண்டு ஒன்றாகி, சமமாயிற்று.

கடைசியில் பந்து மறுபடி மலிட்டாவிடம் வந்தது. யாரும் அவளை மறிக்கக்கூட இல்லை. நடுவர் ஊதலைக் கையில் எடுத்துவிட்டார். மலிட்டா பந்தை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தாள். கையைத் தூக்கப் பார்த்தாள். கை பாதிவரை வந்தது. அப்புறம் அவள் முழங்கால் மெதுவாக மடிந்தது. விழவில்லை. களைத்துப்போனவள் வீட்டு வாசலில் உட்காருகிற மாதிரி, பந்தை மடியில் வைத்துக்கொண்டு வளையத்தடியில் உட்கார்ந்துவிட்டாள்.

"எழுந்திரு! எறி! எங்கயாவது எறி!"

அவளுக்குக் காது கேட்டதா இல்லையா தெரியவில்லை. நடுவர் ஊதி, பந்தை வாங்கித் தொம்பே அணியிடம் கொடுத்தார். மூன்றே கை மாறி அது மைதானத்தின் மறுமுனைக்குப் போய்ச் சேர்ந்தது. ஃபலேசி பாய்ந்தாள். விரல் நுனியில் பட்டது. பட்டும் பந்து உள்ளேதான் விழுந்தது.

ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டார்கள். தொம்பே பெண்கள் லாரியைச் சுற்றி ஆடினார்கள். பன்னிரண்டு மூட்டையும் ஒவ்வொன்றாக இறங்கின. சிகாலே பெண்களுக்கு ஒரு மூட்டையை இரண்டு பேர் தூக்கிவந்து மாமரத்தடியில் போட்டுவிட்டு, நல்லா ஆடினீங்கம்மா என்று சொல்லிப் போனார்கள்.

யாரும் அழவில்லை. அழுவதற்கும் தெம்பு வேண்டுமே. எனிஃபா மூட்டை வாயைப் பிரித்தாள். ஒரு தட்டை அளவாக வைத்துக்கொண்டு ஆளாளுக்குச் சட்டியில் போட்டாள். ஒவ்வொரு தட்டையும் உள்ளங்கையால் தடவிச் சமன் செய்தாள். ஒரு மணி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. டைலேசிக்குப் போட்டாள். ஃபலேசிக்குப் போட்டாள். ரோடா சட்டி கொண்டுவந்திருந்தாள். அதைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து, எழுத்துப் பட்டைகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளை யாரும் பார்க்கவில்லை. பார்த்தால் ஏதாவது சொல்ல வேண்டியிருக்கும்.

மலிட்டா மரத்துக்குப் பின்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முறை வந்ததும் எனிஃபா கூப்பிட்டாள்.

"சட்டியக் கொண்டா."

"எனக்கு வேண்டாம்."

"கொண்டாங்கேன்ல."

"வேண்டாம் எனிஃபாக்கா. நான் எப்படி வாங்குவேன்? என்னாலதான..."

லிஜெரினாவால் அதற்குமேல் கேட்க முடியவில்லை. "அவ மேல ஒண்ணும் இல்ல. நான்தான். அந்த அஞ்சு நான் வேணும்னே..."

"நீங்க பேசாதீங்க கோச்சக்கா." எனிஃபா குரலை உயர்த்தவில்லை. "நீங்க கோட்டுக்கு வெளிய நிக்கிறவங்க."

அவளே எழுந்து போனாள். மலிட்டாவின் சட்டியைப் பிடுங்கிக்கொண்டு வந்து மூட்டைக்குப் பக்கத்தில் வைத்தாள். தட்டை முக்கி எடுத்து, உள்ளங்கையால் தடவிச் சமன் செய்து, கொட்டினாள். மறுபடி முக்கினாள், தடவினாள், கொட்டினாள். மற்ற ஏழு பேருக்கும் எத்தனை தட்டு விழுந்ததோ அத்தனையும் விழுந்தது. சட்டியைத் தூக்கி மலிட்டாவின் முன்னால் நங்கென்று வைத்தாள்.

"காலு வச்சேல்ல? பிடி."

மலிட்டா பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு குனிந்து சட்டியைத் தூக்கப் பார்த்தாள். அவளால் முடியவில்லை. இரண்டாம் முறையும் முடியவில்லை. யாரும் எழுந்து வரவில்லை. லிஜெரினா போய் அந்தச் சட்டியைத் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டாள். ஏழு பேரும் ரோடாவும் பார்த்துக்கொண்டிருக்க, அவர்களைக் கடந்துதான் ஊருக்குப் போகும் பாதையில் இறங்க வேண்டியிருந்தது. சோளம் சட்டிக்குள் சரசரவென்று சத்தம் போட்டது. அவள் நடந்தாள்.